சுடாத வட்டு

என் மனைவி குழலியை வட்டோடு சேர்த்து எரித்துவிட்டோம். விதிப்படி அது தவறு.

இதயப் பம்ப் வைத்தவர்கள் இறந்தால், பம்பையும் பேட்டரியையும் வட்டையும் எடுத்த பிறகே உடலை எரிக்க வேண்டும். பேட்டரி தீயில் வெடிக்கும் என்பதால் முதல் இரண்டையும் உடனே எடுத்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருந்த வட்டை எடுப்பதற்கு ஓர் ஊழியர் தட்டோடு வந்தபோது குழலியின் அண்ணன் வழிமறித்தார்.

"போதும்ப்பா. மூணு தடவ அறுத்தாச்சு. இனிமே எந் தங்கச்சி மேல கத்தி படக்கூடாது."

ஊழியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

அந்த வட்டு எங்கள் தொழிற்சாலையில் செய்தது. விருத்தாசலத்தில் முன்பு பீங்கான் சூளைகள் இருந்த இடத்தில் இப்போது ஃபெரைட் உலைகள் இருக்கின்றன. ஃபெரைட்டும் ஒருவகைப் பீங்கான்தான். இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசும் துத்தநாகமும் கலந்து சுட்டது. கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும். தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும். பம்ப் வைத்தவர் படுத்ததும் தலையணைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தப் புலத்தை அனுப்பும். வட்டு அதைத் திரட்டி உள்ளே பேட்டரிக்குச் சேர்க்கும். இரவில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை. உடம்பிலிருந்து ஒயர் எதுவும் வெளியே வராது. சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் அவருக்குப் பம்ப் இருப்பது யாருக்கும் தெரியாது.

ஒரே குறை, வட்டு சுடும். புதிதில் சுடாது. ஓரிரு ஆண்டுகளில் மெல்லச் சூடு பிடிக்கும். தோல் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும். அறுத்து எடுத்துவிட்டு வேறு வட்டு வைக்க வேண்டும். பம்பில் ஓடும் உடம்புக்கு ஒவ்வோர் அறுவையும் ஒரு கண்டம். குழலிக்கு மூன்றாவது அறுவையின் புண் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான்.

கடைசியாக அவளுக்கு வைத்த வட்டை அளந்து பெட்டியில் போட்டவன் நான். என் வேலை அது.

மறுநாள் பால் தெளிக்கப் போனோம். மயானத்தில் எரிக்கும் வேலை பார்க்கும் கொளஞ்சி, எலும்பு பொறுக்கும்போது சாம்பலுக்குள்ளிருந்து அதை எடுத்தார்.

"இது இன்னா சார்? கல்லு மாதிரி கெடக்கு. விரியக்கூட இல்ல."

வாங்கினேன். இன்னும் சூடு இருந்தது.

மணிமுத்தாற்றில் விட்ட எலும்பு கல்லாகிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எலும்பை விட்டேன். வட்டு ஏற்கெனவே கல். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

*

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். வீட்டில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. அங்கே கைக்கு வேலை இருந்தது.

வட்டின் மின்தடையை அளப்பது எளிது. இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவில் வைத்தால் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் நல்ல வட்டு. ஒரு நாள் காலை, அளக்க வேண்டியவை தீர்ந்துபோயின. பையிலிருந்ததை எடுத்து முனைகளுக்கு நடுவில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

எண் வரவில்லை. அளவு மீறிவிட்டது என்று மீட்டர் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதாக உலைப் பகுதிக்குச் சொல்லி அனுப்பினேன்.

மெஹருன்னிசா மேடமே வந்தார். உலைப் பகுதியின் தலைமைப் பொறியாளர், பரங்கிப்பேட்டைக்காரர். ஒரு முறை தோற்ற சோதனையை அவர் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. வெடித்த வட்டுகளின் துண்டுகளை நூலில் கட்டித் தன் அறை ஜன்னலில் தொங்கவிட்டிருப்பார். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். 'என் மார்க் ஷீட்' என்பார். உலையோடு பேசுவார். பேசுவது என்றால் திட்டுவது. "ஏறுடி சனியனே, ஏறு. எங்க உம்மா அடுப்பு உன்னவிட வேகமா ஏறும்." உலை ஏறும். பகலில் தொழுகைக்காக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் இருப்பார். திரும்பி வரும்போது துப்பட்டா இடது தோளில் நனைந்திருக்கும். தொழுகைக்கு முன் கைகால் கழுவிய ஈரம் என்று நினைத்துக்கொள்வோம்.

வேறொரு வட்டை வைத்துப் பார்த்தார். எண் வழக்கம்போல வந்தது.

"மீட்டர் ஒழுங்காத்தான் இருக்கு, அழகன். உங்க வட்டுதான் கெட்டுப்போயிருக்கு. அதுவும் நல்லவிதமாக் கெட்டுப்போயிருக்கு. எந்த உலையில சுட்டது?"

என் பெயர் நாவழகன். அவர் மட்டும் அழகன் என்பார்.

"உலையில இல்ல மேடம். குழலியோட வட்டு."

அவருக்குப் புரிந்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கள்ல மையத்த, செத்தவங்க ஒடம்ப, மண்ணுல அடக்கிடுவாங்க. எரிக்கிறத நான் கிட்ட இருந்து பாத்ததே இல்ல. எப்படிச் செய்வீங்க? சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா வேணாம்."

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எப்படி இறந்தாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"கீழ வெறகு. மேல வரட்டிய அடுக்குவாங்க. அதுக்கு மேல வைக்கோலப் பரப்பி, களிமண்ணக் கொழச்சுப் பூசிடுவாங்க."

"முழுசாவா?"

"முழுசா. பொகை போக அங்கங்க ஓட்டை போடுவாங்க."

"அப்ப காத்து உள்ள போறது கம்மி. அப்புறம்?"

"கொள்ளி வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்."

"தீய யாரு அணைப்பா?"

"யாரும் அணைக்க மாட்டாங்க. அதுவா ஆறும். மறுநாள் போறப்பவும் சூடு இருந்துச்சு."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அது சூளை அழகன். அப்பேர்ப்பட்ட சூளை." பிறகு கண்ணைத் திறந்து, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

"இல்ல மேடம். சொல்லுங்க."

மேசையில் கிடந்த வட்டு ஒன்றை எடுத்து விரலால் கட்டம் போட்டுக் காட்டினார்.

"இது ஒரே கல்லுன்னு தோணும். கெடையாது. வயல் மாதிரி. சின்னச் சின்ன மணி, மணிக்கு நடுவுல வரப்பு. மணிக்குள்ள மின்சாரம் சுலபமா ஓடும். வரப்பு உசந்து நின்னா அடுத்த வயலுக்குத் தாண்டாது. தாண்டலன்னா வட்டு சுடாது. எல்லாம் அந்த வரப்புலதான் இருக்கு. அவசரமா ஆறவெச்சா வரப்பு எழும்பாது. காத்து கூடினாலும் கெடுதல், கொறஞ்சாலும் கெடுதல். நாம எழுப்புற வரப்ப ஒடம்போட உப்புத்தண்ணி ஒரு வருஷத்துல அரிச்சுடுது."

"இதுல?"

"இதுல யாரோ செவுரே எழுப்பியிருக்காங்க. யாருன்னு தெரியணும். மெதுவா ஆறினதா? வைக்கோல் சாம்பலா, அதுல சிலிக்கா இருக்கு. இல்ல..." நிறுத்திவிட்டார்.

"எலும்பு" என்றேன். "சுண்ணாம்புச் சத்து."

"ஆமா. வெட்டிப் பாத்தா தெரியும்."

"வேணாம் மேடம்."

"சரி" என்றார். மறுபடி கேட்கவில்லை.

வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டுப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டார். உடம்புக்குள் பல ஆண்டுகள் கிடப்பதைச் சில வாரங்களில் செய்து காட்டும் சோதனை அது. கொடுத்தேன். எங்கள் வட்டுகள் எல்லாம் அதில் தோற்றன. குழலியுடையது தோற்கவில்லை.

*

செய்தி எம்.டி. சிவப்பிரகாசத்துக்குப் போனது. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எதுக்கு மேடம் வெட்டணும், ஆராயணும்? என்ன நடந்துச்சோ அதையே திருப்பிச் செய்வோம். ஒரு சிதையில நாப்பது வட்டு வைக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செஞ்சுடுவோம். எப்படியும் எரிக்கத்தான போறாங்க?"

"யாரு வீட்டுச் சிதையில சார்? உங்க வீட்டுலயா?"

"மேடம்!"

"காசு குடுத்தா யாரு வீட்டுல சரின்னு சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரியில தோள் வெந்துபோய்ப் படுத்திருக்காங்களே, அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க? சிதை புனிதம், நீங்க வெந்துட்டு இருங்கன்னா?"

நியாயமான கேள்வி. மேடத்தின் கை இடது தோளுக்குப் போய் நின்றது.

"ஆடி பொறக்குறதுக்குள்ள உலையிலயே செஞ்சு தரேன் சார். சிதை வேணாம்."

"முடியலன்னா?"

"முடியலன்னா நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்டப் பதில் இல்ல."

முதலில் உலைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் சிதை மாதிரியே சிறு சூளை கட்டி ஆரம்பித்தோம். வரட்டி, வைக்கோல், களிமண். நடுவில் வட்டுகள். எலும்பு இல்லாமல் சுட்டபோது வரப்பு பாதி எழும்பியது. கடைவீதியிலிருந்து ஆட்டு எலும்பு வாங்கிவந்து சேர்த்தோம். ஒருமுறை மீட்டரில் நன்றாக வந்தது, உப்பு நீரில் தோற்றது. அதே போலச் செய்தபோது எல்லா வட்டும் வெடித்தன. எலும்பு எவ்வளவு, எந்தச் சூட்டில் உள்ளே இறங்கியது, எவ்வளவு மெதுவாக ஆற வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலில் துண்டுகள் பெருகின. காற்றடித்தால் கோயில் மணி போலக் கேட்டது.

"மேடம், பிரியாணி வாசன வருது. எப்ப எறக்குவீங்க?" என்று வாட்ச்மேன் கேட்பார்.

"இருங்கண்ணே, லெக் பீஸ் உங்களுக்குத்தான்" என்பார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "வாயில வெச்சுப் பாக்காம சமைக்கிறோம் அழகன். ஒரு தடவ ருசி பாத்தாப் போதும்."

ருசி என்பது என் பையில் இருந்தது. அவருக்கும் தெரியும். கேட்கவில்லை.

*

மயானத்தில் பூசுவது எந்த மண் என்று தெரிந்துகொள்ள ஒரு காலையில் கொளஞ்சியைத் தேடிப் போனேன்.

மயானத்தில் கூட்டம். ஓர் அம்மாளின் உடல் வரட்டி மேல் கிடந்தது. பக்கத்தில் இரண்டு மகன்கள். எதிரில் கைக்குட்டையில் எதையோ பொதிந்து பிடித்தபடி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கம்பெனியிலிருந்து யாரோ வந்து விசாரித்ததில் விஷயம் வெளியே கசிந்திருக்கிறது. கைக்குட்டைக்குள் புது வட்டு.

"அண்ணே, ஒரு ஓரமா வெச்சுக்கிறேண்ணே. ஒங்க அம்மாவ நான் தொடக்கூட மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் அறுவை. அதுக்கு மேல இன்னொரு தடவ அறுத்தாத் தாங்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"போம்மா அந்தாண்ட. எங்க அம்மா என்ன அடுப்பா?"

"அப்படிச் சொல்லலண்ணே..."

"பின்ன எப்படி? நேத்து ஒருத்தன் வந்தான், இன்னிக்கு நீ வந்திருக்க. நாளைக்கு ஆள் சாவுறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிப்பீங்க."

இளைய மகன் அழ ஆரம்பித்தான். அந்தப் பெண்ணும் அழுதாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கொளஞ்சி கையில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா மாட்டி வுட்டீங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. "பொணத்தக் கண்டா பயம் இல்ல எனக்கு. இப்பல்லாம் உசுரோட வர்றவங்களக் கண்டாத்தான் பயமா இருக்கு."

அந்தப் பெண் என் சட்டையில் இருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"சார், நீங்களாவது சொல்லுங்களேன்."

மண்ணைப் பற்றிக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மயானத்தில் பார்த்ததைச் சொல்லி, மேடத்தின் மேசையில் வட்டை வைத்தேன்.

"வெட்டுங்க மேடம்."

அவர் அதைத் தொடவில்லை.

"முழுசாச் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. ஒலகத்துலயே சுடாத வட்டு இது ஒண்ணுதான். இத இப்படியே ஒருத்தருக்கு வெச்சா, அவங்க ஆயுசுக்கும் அறுவை இல்ல. வெட்டினா யாருக்கும் ஆகாது. வெட்டினதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் புரியாமலும் போகலாம்."

"அந்த ஒருத்தரு யாருன்னு எனக்குத் தெரியாது மேடம்."

"தெரிஞ்சா?"

யோசித்தேன்.

"தெரிஞ்சா வெட்டச் சொல்ல மாட்டேன். மொகத்தப் பாத்துட்டா முடியாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டுகள் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தன.

"அப்ப தெரியாம இருக்கறதே நல்லது" என்றார்.

வைரத்தூள் பதித்த வட்ட ரம்பம். மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நீங்களே வெட்டுகிறீர்களா என்று கேட்டார். தலையாட்டி மறுத்தேன். வட்டைப் பிடியில் பொருத்தி, உதட்டுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி, ரம்பத்தை இறக்கினார். ஆயிரம் டிகிரி உலைக்கு முன்னால் தயங்காத கை அவருடையது. அன்று ரம்பம் தொடும் முன் ஒருமுறை நின்று, மறுபடி இறங்கியது. எனக்காகத் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு பாதி. ஒன்றை என்னிடம் தந்தார். மற்றதைத் தேய்த்து மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தார்.

திரையில் முதலில் மங்கல். பிறகு தெளிந்தது. கறுப்பு மணிகள். அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக மெல்லிய கோடு. எந்த இடத்திலும் அறுபடாமல், எந்த இடத்திலும் தடிக்காமல், ஒரு மணியைச் சுற்றி அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. எங்கள் உலையில் சுட்ட எதிலும் அப்படி ஒரு கோட்டை நான் கண்டதில்லை. உயரத்திலிருந்து பார்த்த நெல்வயல்கள் போல இருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் மேடம். குரல் இறங்கியிருந்தது. "எலும்புச் சுண்ணாம்பும் வைக்கோல் சிலிக்காவும் சேந்து கண்ணாடியா உருகி, வரப்பு வழியாவே உள்ள எறங்கியிருக்கு. தனியா ஒண்ணால ஆகாது. ரெண்டும் வேணும். அவசரமே படாம ஆறியிருக்கு. நாம முதல் சூட்டுலயே எல்லாத்தையும் போட்டுக் கெடுத்துட்டு இருந்தோம் அழகன். இது, உலையில ஒரு தடவ சுட்டு எடுத்த பிறகு, ரெண்டாவது சூட்டுல நடக்க வேண்டியது. கொறஞ்ச சூடு, கொறஞ்ச காத்து."

படத்தைப் பெரிதாக்கி, ஒரு கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போனார்.

"எவ்வளவு நேர்த்தியாக் கட்டியிருக்காங்க பாருங்க உங்க வீட்டம்மா."

பார்த்தேன். குழலி கோலம் போட்டால் புள்ளிகள் நேராக வராது. அதைச் சொன்னேன். மேடம் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

*

அதற்குப் பிறகு அவர் வேலை செய்ததைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் போதாது. ஒரு கேள்விக்கு ஒரு சூடு. அது தோற்றால் ஏன் தோற்றது என்று தெரியாமல் அடுத்த சூட்டுக்குப் போகமாட்டார். எலும்பு கருகினால் காற்றைத் திருத்துவார். வட்டு வெடித்தால் ஆறும் வேகத்தைத் திருத்துவார். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்த மாட்டார். "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல அடிச்சா எவன் திருடன்னு தெரியாது" என்பார். வெடித்த துண்டுகளை ஜன்னலில் கட்டும் வேலை எனக்கு வந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எலும்புச் சாம்பல் கலந்த வட்டை ஏற்பார்களா என்று எம்.டி. ஒருமுறை கேட்டார்.

"உங்க ரூம்ல விருந்தாளிக்கு டீ குடுக்குறீங்களே சார், வெள்ளவெளேர்னு பீங்கான் கப்பு. அதுல பாதி மாட்டெலும்புச் சாம்பல். யாராவது வேணாம்னாங்களா?"

எம்.டி. தன் கோப்பையைத் தூக்கி அடியில் பார்த்தார். அதன் பிறகு சில நாட்கள் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்.

மேடம் மெலிந்துகொண்டே வந்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி நின்று ஏறினார். பகல் தொழுகை நீண்டது. துப்பட்டா தோளில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. கேட்டால், "உலைச் சூடு அழகன், வேற என்ன" என்பார்.

ஆனி முடிவில் ஒரு நாள் பகலில் உலை திறந்தது. ஒரு தட்டு வட்டுகள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. முதல் வட்டை எடுத்து முனைகளுக்கு நடுவில் வைத்தேன். அளவு மீறியது. இரண்டாவதும். மூன்றாவதும். குழலியின் பாதி வட்டை வைத்து ஒப்பிட்டேன். அதற்கும் இவற்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உப்பு நீரில் போட்டவையும் பிறகு தாக்குப் பிடித்தன.

உப்பு நீரிலிருந்து எடுத்த அன்று மேடம் அவற்றில் ஒன்றைத் துடைத்துக் கையில் ஏந்தினார். ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் போய், புது நகையை வைத்துப் பார்ப்பது போல இடது காறை எலும்புக்குக் கீழே துப்பட்டாவின் மேல் வைத்துப் பார்த்தார்.

"அளவு சரியா இருக்கா பாருங்க."

அந்த இடம் ஈரமாக இருந்தது. எப்போதும் ஈரமாக இருந்த அதே இடம். குழலிக்கு அங்கேதான் ஈரத் துண்டு போடுவேன். பிழிந்து பிழிந்து போடுவேன். ஊரில் வேறு யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நாளா மேடம்?"

"மூணு வருஷமா. இது ரெண்டாவது வட்டு. இதுவும் கொதிக்க ஆரம்பிச்சுடுச்சு."

"அப்ப பகல்ல தொழுகை..."

"தொழுகையும் உண்டு, தலையணையும் உண்டு. பம்ப் வெச்சவங்கள உலைகிட்ட விடக்கூடாதுன்னு விதி இருக்குல்ல. சொன்னா என்னயக் கொண்டுபோய் ஆபீஸ்ல உக்கார வெச்சிருப்பாங்க. இந்த சனியன யாரு திட்டறது?"

"தோள் ஈரம்... தொழுகைக்குக் கழுவினதுன்னு நெனச்சேன்."

"ஒளு செய்யறப்ப தோளக் கழுவுறதில்ல அழகன்." சிரித்தார். "இத்தன வருஷம் ஒண்ணா வேல பாக்குறோம், ஒங்களுக்கு அது தெரியல. எனக்கு சிதை தெரியல. கணக்கு நேராயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் பாதி வட்டு இருந்தது.

"குழலியோடதும் இதே அளவுதான்."

"ஆமா."

"ஒங்களுக்கு..."

"பொருந்தியிருக்கும்."

உலையின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரம்பமும், சொட்டிய தண்ணீரும், நின்று மறுபடி இறங்கிய கையும் என் கண்முன் வந்தன.

"நீங்க சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீங்கதான சொன்னீங்க, மொகத்தப் பாத்துட்டா முடியாதுன்னு. நான் மொகத்தக் காட்டியிருந்தா எனக்கு வட்டு கெடச்சிருக்கும். மயானத்துல அந்தப் பொண்ணு இன்னும் நின்னுட்டு இருக்கும்."

இவ்வளவுதான் சொன்னார். வட்டைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒரு மாதம் விடுப்பு என்றும், உலையைப் பார்த்துக்கொள்ளும்படியும், திட்டாமல் விட்டால் ஏறாது என்றும் சொன்னார்.

"ரொம்பச் சுடுதா?" என்று கேட்டேன்.

தினமும் குழலியிடம் கேட்ட கேள்வி. அவள் போன பிறகு யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை.

"இப்பக் கொஞ்சம் அதிகம்" என்றார்.

என் கைக்குட்டையைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

*

அறுவை நடந்த அன்று நான் உலை முன்னால் நின்றேன். அது ஏற மறுத்தது. சுற்றிலும் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் சொன்னேன். ஏறியது.

மயானத்தில் இப்போது யாரும் வட்டோடு காத்திருப்பதில்லை. கைக்குட்டையோடு நின்ற அந்தப் பெண்ணின் கணவருக்கு, அறுவையைத் தள்ளிப்போட்டு, அந்தத் தட்டிலிருந்தே ஒரு வட்டு போனது. சுடாத வட்டு வந்த பிறகு, பம்ப் வைத்தவர்கள் உலைப் பக்கம் வரக்கூடாது என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது.

குழலியின் பாதியை ஆற்றில் விடவில்லை. அது சோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடி மூடிக்குள் இருக்கிறது. உலையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வட்டை எடுத்து முதலில் அதனோடு ஒப்பிடுவேன். அதற்குக் குறைந்தால் தட்டு முழுவதும் ஜன்னலுக்குப் போகும். எங்களுக்கு அதுதான் அளவு.

மேடம் திரும்பி வந்த முதல் நாள் நேராக உலைக்குப் போய், "என்னடி, ஒழுங்கா இருந்தியா?" என்று கேட்டார். பகலில் தொழுகைக்காக அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வழக்கம்போலச் சற்று நேரம் ஆனது. நான் வெளியே ஒரு நனைத்த கைக்குட்டையோடு நின்றேன்.

கதவு திறந்தது. துப்பட்டா காய்ந்திருந்தது.